நோட்டு மெஷினுக்கு எந்தக் காந்த சென்சார்: வெயிலைத் தாங்காததா, கோணலைத் தாங்காததா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு ஷெட் எடுத்து நோட்டு எண்ணும் மெஷின் செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் காந்த சென்சாருக்கு எதைப் போடுவது, டேப் ரெக்கார்டரில் இருந்த மாதிரி பழைய சுருள் ஹெட்டா, இப்போது எல்லாரும் சொல்கிற டிஎம்ஆர் என்ற காந்தச் சில்லா?" என்பதுதான். நானும் இந்தக் கேள்வியைப் பல பேரிடம் கேட்டுவிட்டேன், பல பேருக்குப் பதிலும் சொல்லிவிட்டேன், அதனால் ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிளை வங்கிக்கும் மாம்பழக்கூழ் ஆலைக்கும் மண்டிக்கும் விற்கிற நடுத்தர மெஷின் என்றால் டிஎம்ஆர் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் நோட்டு சென்சாரிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடப் போகிறது என்பதை முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் எந்த சென்சார் போட்டாலும் ஒன்றுதான்.

எந்த மெஷினைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் பார்த்துவிடுவோம். நிமிடத்துக்கு 1000 நோட்டு எண்ணும் மேசை மெஷின் என்றால் நொடிக்கு 17 நோட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 500 ரூபாய் நோட்டின் அளவு 66 மி.மீ.க்கு 150 மி.மீ., பெரும்பாலான மெஷின்களில் நீளமான ஓரம் முன்னால் வரும்படிதான் நோட்டு ஓடுகிறது, அதாவது அது கடக்க வேண்டியது 66 மி.மீ. மட்டும். நோட்டுக்கு நோட்டு 10 செ.மீ. என்று வைத்தால் வேகம் நொடிக்கு 1.7 மீட்டர், கணக்குச் சுலபமாக 2 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் 1 மி.மீ. அகலமுள்ள ஒரு காந்தக் கோடு சென்சாரைக் கடக்க அரை மில்லிநொடி ஆகும். எலக்ட்ரானிக்ஸுக்கு இது ஒரு வேகமே இல்லை, சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் நோட்டில் காந்தமாக இருப்பது என்ன? 2005-இல் பாதுகாப்பு அம்சங்களை மாற்றி அச்சிட்ட மகாத்மா காந்தி வரிசையைப் பற்றிச் சொல்லும்போதே ரிசர்வ் வங்கி, பாதுகாப்பு இழையை மெஷின் படிக்கக்கூடிய காந்த இழை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் எந்த நோட்டில் என்ன காந்தக் குறி, எந்த வரிசையில் என்பதெல்லாம் பொதுவில் கிடையாது, கிடைக்கவும் கூடாது. அமெரிக்க டாலரில் கறுப்பு மையே காந்த மை. சில நாட்டு நோட்டுகளில் இழைக்குள்ளேயே எளிதில் காந்தம் மாறும் பொருளையும் பிடிவாதமாக மாறாத பொருளையும் கலந்து ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். நாம் செய்யும் மெஷின் நல்ல நோட்டுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டி, "இந்த மதிப்பு நோட்டில் காந்த சிக்னல் இந்த இடத்தில், இந்த வடிவத்தில், இவ்வளவு அளவில் வரும்" என்று தானே கற்றுக்கொள்ள வேண்டும். கள்ளநோட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சோதிக்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 180-ஆவது பிரிவு கள்ளநோட்டு வைத்திருப்பதைப் பற்றியது, அந்த வழக்கெல்லாம் நமக்கு வேண்டாம்.

மலிவான கவுண்டர்களில் "எம்.ஜி. ஹெட்" (எம்.ஜி. என்றால் மேக்னடிக்) என்று ஒன்றோ இரண்டோ இருக்கும், அவை பார்ப்பது காந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். இது போதாது. காரணம், லேசர் பிரின்டரின் கறுப்பு டோனரில் பல வகைகளில் மேக்னடைட் கலந்திருக்கிறது. அரூர் பக்கம் தீர்த்தமலைப் பாறையில் பட்டை பட்டையாகக் கிடக்கிற அதே இரும்பு ஆக்சைடுதான். டோனரில் அச்சடித்த தாளை இந்த மாதிரி ஹெட்டுக்குக் கீழே ஓட்டினால் "காந்தம் இருக்கிறது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிடும். இன்னொரு பக்கம், கிரானைட் அறுக்கும் இடத்திலிருந்து வரும் நோட்டில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், சந்தை நோட்டில் ஸ்டேப்ளர் பின்னின் துண்டு இருக்கும் (2001-லேயே வங்கிகள் நோட்டுக் கட்டுக்குப் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, சந்தைக்கு யார் சொல்வது). ஆகவே காந்தம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறதா, இருக்கக் கூடாத இடத்தில் இல்லையா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அப்படியென்றால் நோட்டின் முழு அகலத்துக்கும் தடம் தடமாக சென்சார் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நம் நோட்டில் இழை ஓடுவது குறுகிய ஓரத்துக்கு இணையாக. நோட்டு ஓடும் திசையும் அதுதான். அப்படியானால் இழை முழுவதும் ஒரே தடத்தின் கீழே, தலையிலிருந்து கால்வரை நீளவாக்கில் போகிறது. நல்ல விஷயம்தான், குறியீடு இருந்தால் வரிசையாகப் படிக்கலாம். ஆனால் அந்த இழை இரண்டு தடங்களுக்கு நடுவில் உள்ள குருட்டு இடத்தில் விழுந்தால் நோட்டில் இழையே இல்லை என்று மெஷின் சொல்லும். நோட்டை நான்கு விதமாகப் போடலாம், முகம் மேலே அல்லது கீழே, தலை முன்னால் அல்லது பின்னால். அதனால் இழை வலப்பக்கமும் வரும், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடப்பக்கமும் வரும். கூடவே கேஷியர் கட்டை வைக்கும் லட்சணத்தில் நோட்டு பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகரும், கொஞ்சம் சாயும். 150 மி.மீ. நோட்டுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு 180 மி.மீ. என்று வைத்து, 10 மி.மீ.க்கு ஒரு தடம் என்றால் 18 தடம் ஆகிறது. ஒவ்வொரு தடத்திலும் உணரும் பகுதி கிட்டத்தட்ட 10 மி.மீ. முழுவதையும் நிரப்ப வேண்டும். தரவுத் தாளில் "18 சேனல்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சேனலும் உண்மையில் எத்தனை மி.மீ. அகலம் பார்க்கிறது என்பதை எங்கேயோ படத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள்.

சரி, இடைவெளிக் கணக்குக்கு வருவோம். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இருக்கிற ஒரு விதி: காந்தப் பதிவுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் சிக்னல் விழும், எவ்வளவு விழும் என்பது பதிவின் அலைநீளத்தைப் பொறுத்தது, ஒரு அலைநீளம் தள்ளிப்போனால் சுமார் 55 டெசிபெல். 1 மி.மீ. கோடு, 1 மி.மீ. இடைவெளி என்று மாறி மாறி வந்தால் அலைநீளம் 2 மி.மீ. அந்தக் கணக்கில் 0.1 மி.மீ. தள்ளி இருந்தால் சிக்னலில் 73 சதவீதம் மிஞ்சும். அரை மி.மீ. தள்ளி இருந்தால் 21 சதவீதம். ஒரு மி.மீ. என்றால் 4 சதவீதம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நோட்டின் தடிமனே 0.1 மி.மீ. அளவுதான். வழித்தடத்தில் அது அரை மி.மீ. மேலும் கீழும் படபடப்பது சர்வசாதாரணம். அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ.க்குப் போனாலே அதே நல்ல நோட்டின் சிக்னல் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நல்ல நோட்டுக்குள்ளேயே ஐந்து மடங்கு வித்தியாசம் இருந்தால் எங்கே கோடு போட்டு நல்லது கெட்டது பிரிப்பீர்கள்? புது சென்சார் பழையதைவிடப் பத்து மடங்கு உணர்திறன் உள்ளது என்று விற்பவர் சொல்வார், உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்தப் பத்து மடங்கு இந்த ஆட்டத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

இந்த ஆட்டத்தைக் குறைக்க வழிகள் உண்டு. மெத்தென்ற யூரித்தேன் ரோலர் வைத்து நோட்டை சென்சார் முகத்தோடு லேசாக அழுத்தலாம், அல்லது தூரிகை வைக்கலாம். ரோலர் என்றால் தேயும், மாம்பால் பட்ட நோட்டு ஓடினால் பிசுபிசுக்கும், சுத்தம் செய்ய வேண்டும். தொடாமலே செய்ய வேண்டுமானால் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை சென்சார் வைத்து இரண்டின் சிக்னல் அளவையும் பெருக்கிவிடலாம். நோட்டு மேலே போனால் ஒன்று எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு இன்னொன்று குறையும், பெருக்குத்தொகை மாறாது. கூட்டினால் இந்த நன்மை முழுசாக வராது, பெருக்க வேண்டும். ஒரு அலைநீளத்துக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் கணக்கு இது, நிஜ சிக்னலில் பல அலைநீளம் கலந்திருக்கும், இருந்தாலும் நன்றாக உதவும். செலவு இரட்டிப்பு என்பதால் மேசை மெஷினுக்கு நான் ரோலரோடு நிறுத்திக்கொள்வேன்.

இனி சென்சார்கள். ஹால் சென்சாரை, அதாவது காந்தப்புலம் பட்டால் மின்னழுத்தம் தரும் சில்லை, முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நம் ஊரில் பூமியின் காந்தப்புலமே 40 மைக்ரோடெஸ்லா அளவு, நோட்டின் மை தருவது அதற்கும் கீழே, சாதாரண ஹால் சில்லின் இரைச்சலில் அது காணாமல் போய்விடும். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ண ஹால் போதும், இங்கே வேண்டாம்.

சுருள் ஹெட், அதாவது டேப் ரெக்கார்டரில் இருந்த வகையேதான், மெல்லிய பிளவுள்ள இரும்பு வளையத்தில் கம்பி சுற்றியது. இதற்கு மின்சாரம் வேண்டாம், வெயில் குளிர் பற்றிக் கவலை இல்லை, நிலைமின்னால் சாகாது, விலை குறைவு, எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். ஆனால் அது உணர்வது காந்தப்பாயம் மாறும் வேகத்தை. மெஷின் மெதுவாகத் தொடங்கும்போது சிக்னல் சின்னது, முழு வேகத்தில் பெரிது, நின்றால் பூஜ்ஜியம். வேகத்தை என்கோடர் (ரோலர் சுற்றுவதைத் துடிப்புகளாக எண்ணும் கருவி) வைத்து அளந்து சரிசெய்துவிடலாம், அது பெரிய தலைவலி இல்லை. பெரிய தலைவலி, நோட்டு அதைத் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். காகிதம் உப்புத்தாள் மாதிரி அரைக்கும், அதுவும் நம் பக்கத்து செம்மண் படிந்த நோட்டு. முகத்துக்குக் கெட்டியான பூச்சு போட்டாலும் நாள் போகப் போகத் தேய்ந்து பிளவு அகலமாகும். இன்னொன்று, ஹெட்டுக்கு முன்னால் ஒரு வலுவான நிலைக்காந்தம் வைத்து நோட்டைக் காந்தமேற்றி அனுப்ப வேண்டும், அப்புறம் மிச்சம் தங்கும் காந்தத்தைத்தான் ஹெட் படிக்கும். காந்தம் தங்காத பொருள் இழையில் இருந்தால் இந்த ஹெட்டுக்கு அது தெரியவே தெரியாது. கடைக்காரருக்கு விற்கும் மலிவு மெஷினில் இதைப் போடுங்கள், ஆனால் அது சந்தேகத்தை மட்டுமே சொல்லும் என்று பெட்டியிலேயே எழுதிவிடுங்கள்.

ஏஎம்ஆர், அதாவது காந்தத்தின் திசையைப் பொறுத்து மின்தடை மாறும் நிக்கல் இரும்புப் படலம், 1857-லேயே கெல்வின் பிரபு கண்டுபிடித்த விளைவு. மின்தடை மாற்றம் இரண்டு மூன்று சதவீதம்தான். இரைச்சல் குறைவு, விலை குறைவு, ஆனால் வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால் திசை மாறிக் குழம்பிவிடும், மீண்டும் நேராக்கத் தனியாக ஒரு சுருளில் மின்துடிப்புக் கொடுக்க வேண்டும். ஜிஎம்ஆர், அதாவது அடுக்கடுக்கான மெல்லிய படலங்களில் மின்தடை இன்னும் அதிகமாக மாறும் விளைவு, 1988-இல் வந்தது, அதற்காக ஃபெர்ட்டும் க்ரூன்பெர்கும் 2007-இல் நோபல் பரிசு வாங்கினார்கள், ஹார்டு டிஸ்கை அது மாற்றிப்போட்டது. நோட்டு மெஷினில் இவை இரண்டும் வேலை செய்யும், தவறில்லை. ஆனால் ஜிஎம்ஆருக்கு எடுக்கும் அதே சிரமத்தில் டிஎம்ஆர் கிடைக்கும்போது நடுவில் நிற்பதில் அர்த்தம் இல்லை என்பது என் கட்சி.

உண்மையான போட்டி இண்டியம் ஆன்டிமொனைடுக்கும் டிஎம்ஆருக்கும் நடுவில்தான்.

இண்டியம் ஆன்டிமொனைடு ஒரு குறைக்கடத்தி, எலக்ட்ரான்கள் அதில் மிக வேகமாக ஓடும், அதனால் காந்தப்புலம் பட்டால் மின்தடை நன்றாகவே கூடும். சின்னப் புலத்தில் இந்த மாற்றம் புலத்தின் இருமடிக்கு ஏற்ப வருகிறது, அதாவது பூஜ்ஜியத்துக்கு அருகில் உணர்திறன் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே சென்சாருக்கு அடியிலேயே ஒரு வலுவான நிலைக்காந்தம் வைத்து, அதை உணர்திறன் உள்ள இடத்துக்குத் தூக்கி நிறுத்துகிறார்கள். இதில் ஒரு அழகு இருக்கிறது: அந்தக் காந்தமே நோட்டையும் அந்த இடத்தில் காந்தமேற்றிவிடும், காந்தம் தங்குகிற பொருள், தங்காத பொருள் இரண்டையும் ஒரே இடத்தில் படிக்கலாம். நின்றாலும் ஓடினாலும் சிக்னலின் அளவு ஒன்றுதான். காந்தம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்கூடப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது வேண்டுவதே செங்குத்தான அந்தப் பெரிய புலத்தை. கோணல்மாணலான பட்டறை வேலையைப் பொறுத்துக்கொள்ளும் சென்சார் இது.

பொறுத்துக்கொள்ளாதது வெயிலை. சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட், இதற்கு 0.17 மட்டும். சூடு ஏறினால் உள்ளே மின்சுமைகள் பெருகி, மின்தடையும் உணர்திறனும் சேர்ந்து சரியும். இரண்டு உணர்துண்டுகளை ஜோடி சேர்த்து வித்தியாசம் எடுத்தால் மின்தடை சரிவது அடிபட்டுவிடும், ஆனால் உணர்திறன் சரிவது அடிபடாது, பல பேர் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இதை நம் மாவட்டங்களில் வைத்து யோசியுங்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, தை மாதக் காலையில் ஷெட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெஷினை அளவுத்திருத்தம் செய்கிறோம். அந்த மெஷின் போவது தொப்பூர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் தருமபுரிக்கு, மே மாதம், ஏசி இல்லாத மண்டி அறை, வெளியே 38, 39 டிகிரி, மோட்டாரும் மின்மாற்றியும் சேர்ந்து மெஷின் வயிற்றுக்குள் 55 தாண்டும். கிருஷ்ணகிரியில் மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்து, கூழ் ஆலையிலும் தோப்பிலும் பணம் கட்டுக் கட்டாகக் கைமாறும் மாதங்களும் அதேதான். மெஷின் அதிகம் உழைக்க வேண்டிய நேரமும் அதன் சென்சார் மந்தமாகும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் அருகில் வெப்பமானி வைத்து மென்பொருளில் ஈடு செய்யலாம், செய்கிறார்கள், ஆனால் 18 தடமும் ஒரே மாதிரி சூடாவதில்லை, மோட்டார் பக்கத்துத் தடம் முதலில் சூடாகும், ஒவ்வொரு உணர்துண்டின் வெப்பக்குணமும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. உற்பத்தியில் ஒவ்வொரு மெஷினையும் அடுப்பில் வைத்துப் பல வெப்பநிலைகளில் அளக்க வேண்டிவரும். சின்ன யூனிட்டுக்கு அந்த வேலைதான் முதுகை உடைக்கும்.

டிஎம்ஆர் வேறு ஜாதி. இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவில் ஒரு நானோமீட்டர் அளவு மின்கடத்தாப் படலம், அதன் வழியே எலக்ட்ரான்கள் குவாண்டம் முறையில் ஊடுருவும், மேல் கீழ்ப் படலங்களின் காந்தத்திசை ஒத்துப்போனால் எளிதாக, எதிரெதிராக இருந்தால் சிரமத்தோடு. அறை வெப்பநிலையில் இதை 1995-இல் நன்றாகக் காட்டியவர்கள் ஜப்பானின் மியாசாகியும் எம்ஐடியில் ஜகதீஷ் மூதேராவும், மூதேரா நம் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2004-இல் மெக்னீசியம் ஆக்சைடை நடுப்படலமாக வைத்தபோது மின்தடை மாற்றம் 100 சதவீதத்தைத் தாண்டி ஓடியது. ஏஎம்ஆரின் மூன்று சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்னல் பெரிது, மின்செலவு சொற்பம், வெப்பத்தால் மாறுவது இண்டியம் ஆன்டிமொனைடைவிட மிகக் குறைவு.

ஆனால் இது படிப்பது சில்லின் பரப்பில் படுத்துக் கிடக்கும் புலத்தை. நோட்டைக் காந்தமேற்ற அடியில் வைக்கும் காந்தத்தின் புலம் செங்குத்தாக நிற்க வேண்டும், அப்போதுதான் சென்சாருக்கு அது கண்ணில் படாது. அந்தக் காந்தம் 30 மில்லிடெஸ்லா தருகிறது, ஒரு டிகிரி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் அரை மில்லிடெஸ்லா வந்துவிடும். ஒழுங்காக வேலை செய்யும் எல்லை ஒரு மில்லிடெஸ்லா என்று இருக்கும் சென்சாருக்கு, பாதி இடம் ஒன்றுமே நடக்கும் முன்பு தின்றாகிவிட்டது, நாம் தேடும் சிக்னலோ மைக்ரோடெஸ்லா கணக்கில். இரண்டு டிகிரி என்றால் சென்சார் நிரம்பி வழிந்து ஊமையாகிவிடும். 18 தடத்துக்கும், 180 மி.மீ. நீளத்துக்கும் இந்த நேர்த்தி வேண்டும். சில்லுகளுக்கு அருகில் முன்னால் வைத்த காந்தமேற்றும் காந்தத்தின் கசிவு, பக்கத்து இரும்புச் சட்டம் எல்லாமே புலத்தைச் சாய்க்கும்.

ஆக ஒன்று வெயிலைத் தாங்காது, இன்னொன்று கோணலைத் தாங்காது. என் தேர்வு ஏன் டிஎம்ஆர் என்றால், கோணலைச் சரிசெய்யும் திறமை நம் ஊரில் இருக்கிறது. கடிகாரமும் வண்டியும் விமானப் பாகமும் செய்யும் ஊரில், பெரிய ஆலைகளுக்குச் சில மைக்ரான் துல்லியத்தில் பாகம் கடைந்து கொடுக்கும் சின்னச் சின்ன சிஎன்சி பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. காந்தத்தை உட்கார வைக்கும் அலுமினியத் தொட்டி ஒன்றைப் பத்தில் ஒரு டிகிரிக்குள் செய்து கொடு என்றால் அவர்கள் அசர மாட்டார்கள். தருமபுரி வெயிலை எந்தப் பட்டறையும் கடைந்து கொடுக்காது. இதே கேள்வியைத் துல்லிய வேலைக்கு ஆள் கிடைக்காத, ஆனால் ஏசி அறையில் மட்டும் மெஷின் ஓடும் ஒரு ஊர்க்காரர் கேட்டால் நான் இண்டியம் ஆன்டிமொனைடைத்தான் சொல்வேன்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு என்று ஃபெர்ரைட் வாங்கினால் டிகிரிக்கு 0.2 சதவீதம் வலு குறையும், 25-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் 7 சதவீதம். நியோடிமியம் 4 சதவீதம் அளவு. சமேரியம் கோபால்ட் ஒன்றரை சதவீதத்துக்குள். சென்சாரில் வெப்பச் சிக்கலைத் தவிர்த்துவிட்டுக் காந்தத்தில் அதைத் திரும்பக் கூப்பிட வேண்டாம், அடிக்காந்தத்துக்கு சமேரியம் கோபால்ட் போடுங்கள், துண்டு சின்னதுதான்.

பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள். அழுத்தும் ரோலரின் ஷாஃப்ட்டை "துருப்பிடிக்காத எஃகு" என்று மட்டும் எழுதினால் 304 என்ற ரகம் வரும். அது இயல்பில் காந்தமற்றது என்றாலும், குளிர்நிலையில் இழுத்து நீட்டிய கம்பி, அழுத்திக் கடைந்த முனை எல்லாம் கொஞ்சம் காந்தம் பிடிக்கும். அது சென்சாருக்கு மேலே சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அலை, நோட்டே இல்லாமல். 316 கேளுங்கள், அல்லது பித்தளை. பேரிங்கும் எஃகுப் பந்து வேண்டாம், சென்சார் பக்கத்தில் இருப்பது பிளாஸ்டிக் புஷ் போதும், சுமை ஒன்றும் இல்லை. கெட்ட நோட்டைத் தள்ளும் சோலனாய்டு சுடும் நேரத்தில் வரும் இரைச்சலுக்கு வடிகட்டி போட்டுப் போராடுவதைவிட, சுடும் அந்தச் சில மில்லிநொடிகள் சென்சாருக்குக் கீழே நோட்டு இல்லாதபடி தூரத்தை வரையும்போதே அமைத்துவிடுவது நல்லது. மோட்டார் பிரஷ் இல்லாததாக இருக்கட்டும். ஒவ்வொரு தடத்திலும் இரண்டு உணர்துண்டுகளைச் சற்றே தள்ளி வைத்து வித்தியாசம் எடுத்தால் தூரத்து மோட்டாரும் பூமியின் காந்தமும் இரண்டிலும் ஒரே அளவாக வந்து கழிந்துபோகும், கிட்டத்தில் ஓடும் நோட்டு மட்டும் மிஞ்சும். சிக்னலை நேரத்தை வைத்து மாதிரி எடுக்காமல் என்கோடர் துடிப்பை வைத்து எடுங்கள், கால் மி.மீ.க்கு ஒன்று. 2 மீட்டர் வேகத்தில் அது தடத்துக்கு நொடிக்கு 8000, 18 தடத்துக்கு 1,44,000. இன்றைக்குச் சின்ன மைக்ரோகன்ட்ரோலரே இதைச் செய்துவிடும்.

டிஎம்ஆரின் இன்னொரு பலவீனம் நிலைமின். நடுப்படலம் ஒரு நானோமீட்டர் என்றேன் இல்லையா, ரப்பர் பெல்ட்டில் உரசி உரசி வரும் காய்ந்த நோட்டு கொண்டுவரும் மின்சுமை அதைத் துளைத்துவிடும். சென்சார் முகத்துக்கு மெல்லிய காந்தமற்ற உலோகத் தகடு போட்டு அதைத் தரையோடு இணையுங்கள், நோட்டு வரும் வழியில் கார்பன் இழைத் தூரிகை ஒன்று வையுங்கள். தகட்டின் தடிமனும் இடைவெளிக் கணக்கில் சேரும், மறக்க வேண்டாம். அதே காரணத்தால் சாதாரண பிளாஸ்டிக் உறைக்குள் வரும் டிஎம்ஆர் சில்லு வேண்டாம், உள்ளே இருக்கும் உணர்துண்டு மேற்பரப்பிலிருந்து அரை மி.மீ. ஆழத்தில் இருந்தால் மேலே சொன்ன 21 சதவீதத்திலிருந்துதான் கதை தொடங்கும். நோட்டுக்கென்றே செய்த நீளமான தொகுதியாக வாங்குங்கள். முதலில் செய்யும் மெஷின்களுக்குக் காந்தத்தோடு சேர்ந்து வருவதை வாங்கிப் போடலாம், கை பழகியபின் சென்சார் பட்டையை மட்டும் வாங்கிக் காந்தத் தொட்டியை இங்கே செய்துகொள்ளலாம், பணம் மிச்சமாவது அங்கேதான்.

மத்திய வங்கி மட்டத்து மெஷின்கள் வேறு உலகம், நொடிக்கு 30 நோட்டுக்கு மேல், வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் அளவில். அங்கே சுருள் ஹெட்டின் சிக்னல் நம் மேசை மெஷினைவிட ஐந்து மடங்கு பெரிதாகிவிடும், டிஎம்ஆருக்கும் லாபம்தான், ஏனென்றால் அதன் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் மோசம், வேகம் கூடினால் 1 கிலோஹெர்ட்ஸில் இருந்த சிக்னல் 5-க்கு ஏறி அமைதியான இடத்துக்குப் போய்விடும். ஆனால் அந்த மெஷினை யாரும் சிப்காட் ஷெட்டில் தொடங்கப் போவதில்லை, விடுவோம்.

வங்கிக்கு விற்க நினைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை மெஷினில் சோதித்த பிறகே வங்கி திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, இந்திய தர நிர்ணய அமைப்பு 2024-இல் நோட்டுப் பிரிக்கும் மெஷினுக்கென்றே ஐஎஸ் 18663 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. அதை வாங்கிப் படித்துவிட்டு வரையத் தொடங்குங்கள், வரைந்து முடித்தபின் படித்தால் மெஷினின் சட்டகத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

சோதிக்க என்ன செய்வது? ரத்து செய்த காசோலை போதும். அடியில் உள்ள எண் வரிசை காந்த மையில் அச்சிட்டது, எழுத்துக்கு எழுத்து எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மி.மீ., கோடுகளின் அகலம் 0.33 மி.மீ.யின் மடங்குகள், எல்லாம் உலகத் தரம். நோட்டு அளவுக்கு வெட்டி, எண் வரிசை ஓடும் திசையில் போகும்படி ஒட்டி, ஒவ்வொரு தடத்தின் கீழும் ஓட்டிப் பாருங்கள். தடத்துக்குத் தடம் உயரம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் காந்தத் தொட்டியின் சாய்வு தெரியும், ஒரே தடத்தில் ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் இடைவெளியின் ஆட்டம் தெரியும். காலையில் ஒருமுறை, மெஷினை மூடி மூன்று மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி மதியம் ஒருமுறை. விற்பனைக்கு வருபவர் இண்டியம் ஆன்டிமொனைடு தொகுதியைக் கொண்டுவந்தாலும் டிஎம்ஆர் தொகுதியைக் கொண்டுவந்தாலும் இந்த இரண்டு வரைபடங்களையும் அவர் எதிரிலேயே எடுத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.